கம்பி ஏன் அறுகிறது?
(பெடல் ஸ்டீல் கிட்டார் கற்றுத்தரும் பாடம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, "எனக்கு என்னண்ணே எழுத வரும்? டயகிராம் போடத்தான் வரும்" என்றேன். "அப்ப அந்த டயகிராமையே வார்த்தையில எழுது" என்றார். அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

நான் எழுதப்போவது ஒரு எஃகுக் கம்பியைப் பற்றி. நாலைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்தால் என்ன கனம் இருக்குமோ, அவ்வளவுதான் அதன் கனம். அமெரிக்காவில் பெடல் ஸ்டீல் கிட்டார் என்று ஒரு இசைக்கருவி உண்டு. அதில் மூன்றாவது கம்பியாக இது கட்டப்படுகிறது. அடிக்கடி அறுந்துபோய் வாசிப்பவர்களின் பிராணனை வாங்குகிறது. ஏன் அறுகிறது, அறாமல் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

"நாம மெக்கானிக்கல் பசங்க, நமக்கு எதுக்கு அமெரிக்கா கிட்டாரு?" என்று கேட்பீர்கள். கடைசி வரை படியுங்கள். எனக்கு அது எதற்கு என்று அங்கே சொல்கிறேன்.

அது என்ன கருவி?

ஒருநாள் ஹாஸ்டலில் என் ரூம் நண்பன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கிட்டார் என்று பெயர், ஆனால் தோளில் மாட்டவில்லை. நான்கு கால் போட்டு மேஜை மாதிரி நிற்கிறது. வாசிப்பவர் அதன் முன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் உருண்டையான ஒரு எஃகுத் துண்டு; அதைக் கம்பிகளின் மேல் வழுக்கி வழுக்கி ஸ்வரம் பிடிக்கிறார். வலது கை விரல்களில் நகம் மாட்டி மீட்டுகிறார். ஒரு கால் பெடல்களை மிதிக்கிறது, இன்னொரு கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில் இருக்கிறது. முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் லீவர்களைத் தள்ளுகின்றன. தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக்கூட முழங்காலுக்கு வேலை கிடையாது! கேட்டால் யாரோ தூரத்தில் நின்று அழுவதுபோல ஒரு இழுவை.

எஃகுத் துண்டை வைத்துக் கிட்டார் வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றியது. ஜோசப் கெகூகூ என்பவர் அதைத் தொடங்கியவராகச் சொல்லப்படுகிறார். பிறகு அமெரிக்காவின் கிராமிய இசையான 'கன்ட்ரி' இசைக்குள் நுழைந்தது. 1948-இல் பால் பிக்ஸ்பி என்பவர் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்குப் பெடல் வைத்த கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். இந்த பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை! 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து ஸ்வரத்தை வளைத்தார். அந்தப் பாட்டு பெரிய ஹிட். அதன்பின் எல்லாரும் பெடல் தேடி ஓடினார்கள். 1937 முதல் 2015 வரை வாழ்ந்த பட்டி எம்மன்ஸ் என்ற மேதை இன்னும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, இன்று பெரும்பாலோர் வைத்திருக்கும் 'ஈ-9' சுருதி முறைக்கு உருவம் கொடுத்தார்.

இந்தக் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தால் நம்ம தியரி ஆஃப் மெஷின்ஸ் புத்தகம்தான். பெடலை மிதித்தால் ஒரு ராடு கீழே இழுபடுகிறது. அது குறுக்கே உள்ள ஷாஃப்டைத் திருப்புகிறது. ஷாஃப்டில் உள்ள பெல் கிராங்க் இன்னொரு ராடை இழுக்கிறது. அந்த ராடு கம்பியின் முனையில் உள்ள 'ஃபிங்கர்' என்ற பாகத்தைக் கொஞ்சம் திருப்புகிறது. ஃபிங்கர் என்பது மேல்பாகம் உருண்டையாக இருக்கும் ஒரு சிறு உலோகத் துண்டு, பெரும்பாலும் அலுமினியம். கம்பியின் கடைசியில் உள்ள குண்டு அதில் மாட்டியிருக்கும். கம்பி அந்த உருண்டையின் மேல் வளைந்து ஏறி, நேராக மறுமுனைக்குப் போகும். ஃபிங்கர் திரும்பினால் கம்பி இறுகும், சுருதி ஏறும். காலை எடுத்தால் பழைய நிலை. அவ்வளவுதான் மெக்கானிசம்.

மூன்றாவது கம்பியின் தலைவிதி

பத்துக் கம்பிகளில் மூன்றாவதுதான் அதிகமாக அறுகிறது. காரணம் உண்டு. இந்தக் கருவியில் கம்பிகள் சுருதி வரிசைப்படி இல்லை. பத்திலேயே மிக உயர்ந்த ஸ்வரம் முதல் கம்பியில் இல்லை, மூன்றாவதில் இருக்கிறது. அது 'ஜி ஷார்ப்', அதாவது நொடிக்கு 415 அதிர்வு. 'பி' எனப்படும் நடுப் பெடலை மிதித்தால் அது 'ஏ' ஆகும், அதாவது 440 அதிர்வு. இந்த இசையில் அதிகமாக மிதிபடும் பெடல்களில் அதுவும் ஒன்று. உயர்ந்த சுருதியும் அதற்கே, ஓயாத வேலையும் அதற்கே.

இப்போது எஸ்.ஓ.எம். பாடத்தை எடுத்துக்கொள்வோம். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான். கம்பியின் நீளம் 24 அங்குலம், அதாவது சுமார் 610 மி.மீ. விட்டம் 0.011 அங்குலம், அதாவது 0.28 மி.மீ. 'ஜி ஷார்ப்' சுருதியில் நிற்க இந்தக் கம்பியை சுமார் 12.5 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக் கட்ட வேண்டும். பெடலை மிதித்து 'ஏ' ஆக்கினால் 14 கிலோ.

14 கிலோதானே என்று நினைக்காதீர்கள். கம்பியின் குறுக்குப் பரப்பு எவ்வளவு சின்னது! வகுத்துப் பார்த்தால் ஸ்ட்ரெஸ் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 2010 நியூட்டன் வருகிறது. மிதித்தால் 2260. நம் லேபில் யு.டி.எம். மெஷினில் மைல்டு ஸ்டீல் ராடு 400 சொச்சத்திலேயே 'டமார்' என்று உடைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைவிட ஐந்து மடங்கு. இந்த இசைக்கம்பி ஸ்பெஷலாக இழுத்துச் செய்த எஃகு. 2600 முதல் 2900 வரை தாங்கும். ஆனாலும் தாங்கும் சக்தியில் ஐந்தில் நாலு பங்கு எப்போதும் செலவாகிக்கொண்டே இருக்கிறது. 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' 4 வை, 5 வை என்று டிசைன் வகுப்பில் சொல்கிறார்களே, இங்கே ஒன்றரைகூடக் கிடையாது!

"அப்ப தடியான கம்பி போட வேண்டியதுதானே?" என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டதும் வாயடைத்துப் போனேன். தடியான கம்பிக்குப் பரப்பு அதிகம், ஆனால் எடையும் அதே விகிதத்தில் அதிகம். அதே சுருதிக்கு வர அதே விகிதத்தில் கூடுதலாக இழுக்க வேண்டும். ஆகவே ஸ்ட்ரெஸ் துளியும் மாறாது! கம்பியின் நீளமும், சுருதியும், எஃகின் அடர்த்தியும் மட்டுமே ஸ்ட்ரெஸை முடிவு செய்கின்றன. கனத்துக்கு அதில் ஓட்டே இல்லை.

வளைவுதான் எமன்

ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. 2260-தான் ஸ்ட்ரெஸ், 2600-க்கு மேல் தாங்கும் என்றால் கம்பி அறவே கூடாதே? ஏன் அறுகிறது?

பதில் ஃபிங்கரின் உச்சியில் இருக்கிறது. கம்பி அங்கே வளைகிறது. வளைந்தால் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. நாம் மனப்பாடம் செய்த பெண்டிங் ஃபார்முலாவைப் போடுங்கள். உருண்டையின் ரேடியஸ் 10 மி.மீ. என்று வைத்தால், வளைவால் மட்டும் கம்பியின் வெளித்தோலில் 2800 அளவுக்கு ஸ்ட்ரெஸ் வருகிறது. முன்னே சொன்ன இழுவையும் இதோடு சேரும். அதாவது எலாஸ்டிக் லிமிட்டைத் தாண்டியாயிற்று. அதனால்தான் கழற்றிய பழைய கம்பியின் முனை வளைந்தே நிற்கிறது, நிமிராது. இங்கேதான் தடிக் கம்பி நம்மைக் கைவிடுகிறது. கனம் கூடக்கூட வளைவு ஸ்ட்ரெஸ் கூடும்.

ஒருமுறை வளைந்ததோடு விட்டால் பரவாயில்லை. பெடலை மிதிக்கும்போது 'ஜி ஷார்ப்' 'ஏ' ஆக, கம்பி சுமார் முக்கால் மில்லிமீட்டர் நீள வேண்டும். அந்த முக்கால் மில்லிமீட்டர் உருண்டையின் மேல் ஏறி வளைகிறது. காலை எடுத்தால் இறங்கி நிமிர்கிறது. மிதி, வளைவு. விடு, நிமிர்வு. ஒரு பாட்டுக்கு நூறு மிதி என்று வைத்துக்கொண்டால் இருபது பாட்டுக்கு இரண்டாயிரம். அத்தனையும் அந்த ஒரே இடத்தில்!

கட்டிங் பிளையர் இல்லாதபோது கட்டுக்கம்பியை எப்படி ஒடிக்கிறோம்? பலமாக இழுத்தா? இல்லையே. முன்னும் பின்னும் மடக்கி மடக்கித்தானே ஒடிக்கிறோம். இழுத்தால் யானை வேண்டும், மடக்கினால் விரல் போதும். இதற்குப் பெயர்தான் ஃபெட்டிக், உலோகக் களைப்பு. மனுஷனுக்கு மட்டுமா களைப்பு? இரும்புக்கும் உண்டு. ஆனால் மனுஷன் படுத்துத் தூங்கினால் களைப்புப் போகும். இரும்புக்குப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட். சுரங்கத்தில் பாரம் தூக்கும் சங்கிலிகள் அறுந்துகொண்டே இருந்தன. திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றி இறக்கிச் சோதித்து, 1837-இல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1834-இல், சங்கிலிக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளை முறுக்கி வயர் ரோப் செய்தவரும் இவர்தான். பிறகு ஆகஸ்ட் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்து, 1860-களில் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார்.

எங்கே அறுந்தது என்று பார்!

கம்பி அறுந்தால் வாசிப்பவர் முதலில் சொல்வது, "கம்பி மட்டம், கம்பெனி சரியில்லை". அல்லது "கடைசியா ரொம்ப அழுத்தி மிதிச்சிட்டேன்". இரண்டும் பெரும்பாலும் தப்பு. அறுந்த துண்டைக் கையில் எடுத்து, எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்தால் அதுவே உண்மையைச் சொல்லும்.

ஃபிங்கரின் உச்சியில் அறுந்திருந்தால்: களைப்பு. அல்லது எஃகுக் கம்பி அலுமினியத்தைத் தேய்த்துத் தேய்த்து அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் விளிம்பு கம்பியைக் கடிக்கும்.

குண்டின் அருகே, முறுக்கிய இடத்தில் அறுந்திருந்தால்: முறுக்கின் கடைசிச் சுற்று உருண்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மறுமுனையில், நட் என்ற இடத்தில் அறுந்திருந்தால்: அங்கே உள்ள சிறு ரோலர் சுழலாமல் அழுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது அதன் பள்ளம் இந்தக் கம்பியின் அளவுக்கு ஏற்றதாக இல்லை.

முறுக்காணியில் அறுந்திருந்தால்: ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அல்லது கட்டும்போதே கம்பி மடங்கியிருக்கிறது.

நடுவில் அறுந்திருந்தால்: துரு அல்லது கீறல்.

ஒரே இடத்தில் இரண்டு முறை அறுந்தால் சந்தேகமே வேண்டாம். குற்றவாளி கம்பி அல்ல, அந்த இடம்.

தடுக்கும் வழிகள்

1. கம்பி மாற்றும்போதெல்லாம் ஃபிங்கரின் உச்சியை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் பள்ளம் இருக்கிறது. மிக நைசான எமரி ஷீட்டால், உருண்டை வடிவம் கெடாமல், கம்பி போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பிறகு மெட்டல் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். தட்டையாகத் தேய்த்துவிட்டால் இருந்ததும் போச்சு.

2. உச்சியில் ஒரு பொட்டு எண்ணெய். ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும், ஊற்றக் கூடாது.

3. குண்டின் முறுக்கு உருண்டைக்குப் பின்னாலேயே நிற்கிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும். மேலே ஏறினால் வேறு கம்பி போட வேண்டும்.

4. கட்டும்போது கம்பியில் மடிப்பு விழக் கூடாது. ஒருமுறை மடங்கிய கம்பியை நிமிர்த்திக் கட்டினால் அது அந்த மடிப்பிலேயே அறும்.

5. நட்டில் உள்ள ரோலர்கள் தாராளமாகச் சுழல வேண்டும். தூசியைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட வேண்டும்.

6. பெடலை அடிவரை மிதித்தால் சுருதி 'ஏ'வில் நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. சுருதி சேர்க்கும்போதும் மேலே ஏற்றி இறக்காமல், கீழேயிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும்.

7. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்வை பட்டால் துரு வரும். துருப் புள்ளிதான் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி.

8. எல்லாவற்றையும்விட முக்கியம்: அறும் வரை காத்திருக்கக் கூடாது. மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, எத்தனை நாளில் அறுகிறது என்று பார்த்து, அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். எத்தனை பாலிஷ் போட்டாலும் களைப்பைத் தள்ளிப்போடலாமே தவிர, இல்லாமல் ஆக்க முடியாது.

இது எனக்கு எதற்கு?

என் அப்பா கிணறு வெட்டும் வேலையில் கிரேன் ஓட்டியவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, கல் நிரம்பிய பக்கெட்டை மேலே தூக்குகையில் ரோப் அறுந்தது. உள்ளே இருந்த மாமா ஒருவர் ஒதுங்கிவிட்டார், ஆனாலும் கால் முறிந்தது. "லோடு ஜாஸ்தியா ஏத்திட்டே" என்று முதலாளி அப்பாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அப்பாவும் அதை நம்பினார். இந்த ஆறு வருஷமும் அந்த மாமா வீட்டுப் பக்கம் போகவே கூசுவார். "நான்தான் ஒரு கல்லு கூட ஏத்த விட்டுட்டேன்" என்பார்.

இந்தக் கிட்டார் கணக்கைப் போட்டுவிட்டு, பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன்.

"ரோப் எந்த எடத்துலப்பா அறுந்தது?"

"கப்பிகிட்டத்தான். எப்பவுமே அந்த எடத்துலதான் பிசிறு பிசிறா நிக்கும். துணி சுத்தாம தொட்டா கையக் கிழிச்சிரும்."

"ரோப் மாத்தி எத்தன வருஷம் இருக்கும்?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து அதேதான்டா."

"கப்பி எவ்ளோ பெருசு?"

அப்பா கையை விரித்துக் காட்டினார். சின்னக் கப்பி. நண்பர்களே, ரோப்பின் விட்டத்தைப் போல் குறைந்தது இருபது மடங்காவது கப்பி இருக்க வேண்டும் என்பது நாம் படிக்கிற சாதாரண விதி. ரோப்பை மெல்லிய கம்பிகளாக முறுக்குவதே வளைவு ஸ்ட்ரெஸ் குறையட்டும் என்றுதான். சின்னக் கப்பியில் போட்டால் அந்தப் பலன் போய்விடும். பிசிறு என்று அப்பா சொன்னது, உள்ளே ஒவ்வொரு கம்பியாகக் களைத்து ஒடிந்ததன் அடையாளம். கிட்டார் கம்பி முன்னறிவிப்பு இல்லாமல் அறும். ரோப் பாவம், மாதக்கணக்கில் கத்திச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு மாற்ற வேண்டியவர் மாற்றவில்லை.

கட்டுக்கம்பி ஒன்றை எடுத்து அப்பா முன்னால் மடக்கி மடக்கி ஒடித்துக் காட்டினேன். கிட்டாரைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் அந்த ஒடிந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கல்லு இல்லியா?" என்று கேட்டார்.

"அந்தக் கல்லும்தாம்ப்பா. ஆனா அது கடைசிக் காரணம். மொதக் காரணம் அது இல்ல" என்றேன். பொய் சொல்லித் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. அது போதுமானதாகவும் இருந்தது. மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு அந்த மாமா வீட்டுக்குப் போய் வந்தார்.

நண்பர்களே, நாளை நாமெல்லாம் ஏதோ ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக நிற்போம். ஏதாவது ஒன்று அறும், ஒடியும். உடனே "யார் கடைசியா தொட்டது?" என்று கேட்கத்தான் வாய் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "எங்கே அறுந்தது?" என்று கேளுங்கள். "மாற்றி எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். அறுவதற்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது.



– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை